குட்டி வந்த வீடும் ஆசிரியர் தேடலும்

செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்தின் இருபுறமும் இன்று மனைப்பிரிவுகள் பரவிக் கிடக்கின்றன. இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களில் பலர் ஆவடியிலோ காக்களூர்த் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஷிஃப்டு முறையில் வேலை பார்ப்பவர்கள். பக்கத்து மனை இன்னும் காலி. தெருவிளக்கு எல்லாத் தெருவிலும் எரிவதில்லை. ஆகவே கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு காவலுக்கும் துணைக்குமாக ஒரு நாய்க்குட்டி வந்துவிடுகிறது. அடுத்த சில மாதங்களில் அந்த வீட்டார் வாயிலிருந்து ஒரு கேள்வி வரும்: "நல்ல டிரெய்னர் யாராச்சும் இருக்காங்களா?"

இதற்கு ஒரு பெயரையும் கைபேசி எண்ணையும் விடையாகக் கொடுத்துவிடலாம். கேட்பவருக்கு அது உதவாது என்றே கருதுகிறேன். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்தன. நாய்க்குப் பயிற்சி அளிப்பவருக்கோ நம் நாட்டில் உரிமமும் இல்லை, கட்டாயத் தேர்வும் இல்லை, பதிவேடும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழ், அதாவது விற்பவர்கள் 'பேப்பர்' என்று சொல்வது, நாயின் வம்சாவளியை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த நாயை யார் பழக்கினார், எப்படிப் பழக்கினார் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. எனவே பயிற்சியாளரைத் தேர்வு செய்யும் பொறுப்பு முழுவதும் வீட்டார் தலையில் விழுகிறது. தேர்வு செய்பவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் காலம். நம் பகுதியில் பெரும்பாலானோர் குட்டிக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் பயிற்சியாளரைத் தேடத் தொடங்குகிறார்கள். "சின்னக் குட்டிக்கு என்ன தெரியும், கொஞ்சம் வளரட்டும்" என்பது அவர்கள் எண்ணம். இது காவல்துறை, ராணுவப் பயிற்சி மரபிலிருந்து வந்த வழக்கம். அங்கே கழுத்துப்பட்டையை இழுத்துச் சுண்டிப் பழக்கும் முறை இருந்ததால் குட்டியின் உடல் அதைத் தாங்கும் வரை காத்திருந்தார்கள். முறை மாறிய பிறகும் அந்த வயதுக் கணக்கு மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது.

அது ஏன் பிழை என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சான்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஓர் ஆய்வகம் உண்டு. அங்கே ஃப்ரீட்மன், கிங், எலியட் என்னும் மூவர் நாய்க்குட்டிகளை வேலியிட்ட வயலில் தாயுடன் விட்டு, மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்த்தார்கள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என வெவ்வேறு வார வயதில் சில குட்டிகளை மட்டும் ஒரு வாரம் வெளியே எடுத்து, மனிதரோடு பழகவிட்டு, மீண்டும் வயலில் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக் குட்டிகளை மட்டும் பதினான்காவது வாரம் வரை தொடவே இல்லை. தொடாமல் விட்ட அந்தக் குட்டிகள் கடைசியில் மனிதரைக் கண்டு காட்டு விலங்கைப் போல விலகின. பிறகு எவ்வளவு முயன்றும் இயல்பாக ஒட்டவில்லை. 1961-இல் இது வெளியானது. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இல் எழுதிய பெருநூல் இதை விரிவாக நிறுவியது. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினான்காம் வாரம் வரை குட்டியின் மனம் புதியதை அச்சமின்றி ஏற்கிறது. அதன்பின் புதியது என்றாலே ஐயம் முந்திக்கொள்கிறது.

தமிழில் பழகு, பழக்கு என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. குட்டி தானாக உலகத்தோடு பழகுவது முன்னது. நாம் அதற்கு ஒன்றைப் பழக்குவது பின்னது. முன்னதற்குக் கெடு உண்டு, பின்னதற்கு இல்லை. 'உட்கார்' என்பதை ஐந்து வயது நாய்க்கும் சொல்லித்தரலாம். ஆனால் குடை பிடித்த மனிதர், தள்ளுவண்டி, பால்காரரின் ஹாரன், பர்தா அணிந்த பெண், ஊன்றுகோல் வைத்த தாத்தா, கூட்டமாக ஓடிவரும் குழந்தைகள், குக்கர் விசில், விரைவு ரயில் கடக்கும் ஓசை ஆகிய இவையெல்லாம் இயல்பானவை என்று குட்டி உணர்வதற்கு வாய்த்த வாரங்கள் மிகக் குறைவு. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017 விதி. சந்தையில் 'நாற்பத்தைந்து நாள் குட்டி' என்று கூவி விற்பது அந்த விதிக்கு மாறானது. தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கடிக்கும் வேகத்தை அளந்து கற்கும் வாரங்களை அது குட்டியிடமிருந்து பறித்துவிடுகிறது. விதிப்படி எட்டாம் வாரத்தில் குட்டி வீட்டுக்கு வந்தால், மீதம் இருப்பது நான்கு முதல் ஆறு வாரம். பயிற்சியாளரைக் குட்டி வருவதற்கு முன்பே தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். தடுப்பூசி முழுவதும் போட்டு முடியும் வரை குட்டியை வெளியே கொண்டுபோகாதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருப்பார். அவர் அஞ்சுவது பார்வோ வைரஸை. நோயுற்ற நாயின் கழிவில் வெளிப்படும் இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது அடங்குவதில்லை, பிளீச் கரைசல்தான் அதை அழிக்கும். தெருநாய்கள் மிகுந்த நம் மனைப்பிரிவுகளில் காலி மனையின் புல்லில் குட்டியை இறக்கிவிடுவது உண்மையிலேயே ஆபத்து. ஊசி போட்டும் ஏன் காக்க வேண்டும் என்றால், தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்புச் சத்து குட்டியின் உடலில் இருக்கும் வரை அது தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடுகிறது. அந்தச் சத்து எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் குறையும் என்று வெளியிலிருந்து சொல்ல இயலாது. அதனால்தான் ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், பதினாறாம் வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இடையில் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி.

ஆக, நோய்க்குப் பயந்து பதினாறாம் வாரம் வரை பூட்டி வைத்தால் மனம் திறந்திருக்கும் காலம் கடந்துவிடுகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவ நடத்தையியல் சங்கம் 2008-இல் இந்த முரணை நேராக எடுத்துப் பேசியது. முதல் தவணை ஊசி போட்டு ஏழு நாள் ஆகியிருந்து, குடற்புழு மருந்தும் கொடுத்திருந்தால், ஏழு எட்டு வாரக் குட்டியையே தூய்மையான இடத்தில் நடக்கும் குட்டிகள் வகுப்பில் சேர்க்கலாம் என்று அது சொன்னது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்குத் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறே முதன்மைக் காரணம் என்றும் அதே அறிக்கை குறிப்பிட்டது. அது அந்த நாட்டு நிலை. இங்கே அத்தகைய நாயை ஊசி போட்டுக் கொல்வதில்லை; மொட்டைமாடியில் கட்டிவிடுகிறோம், அல்லது நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிட்டு வருகிறோம்.

செவ்வாப்பேட்டையில் முறையான குட்டிகள் வகுப்பு வாய்க்காவிட்டாலும் வழி இருக்கிறது. குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகலாம். மாலையில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓசை கேட்கும் தொலைவில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ரயில் கடக்கும்போது குட்டியின் வாயில் ஒரு துண்டு வெந்த கோழி, ரயில் போனதும் நிறுத்தம். குட்டி நடுங்கினால் நின்ற இடம் அதற்கு மிக அருகில் என்று பொருள். இன்னும் தள்ளி நிற்க வேண்டும். ஊசி முறையாகப் போட்ட, சாதுவான நாய் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போகலாம். கொரியர் கொடுப்பவரிடமும் தண்ணீர் கேன் போடுபவரிடமும் ஒரு துண்டைக் கொடுத்து, குட்டிக்கு ஊட்டச் சொல்லலாம். இவற்றையெல்லாம் தாமாக எடுத்துச் சொல்கிற பயிற்சியாளர் கிடைத்தால் பாதித் தேடல் முடிந்தது. அதற்கும் முன்னதாக ஒன்றைக் கவனியுங்கள்: முதல் சந்திப்பில் அவர் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறாரா? ஒரு நாளில் பல வீடுகளுக்குப் போகிறவர் அவர். செருப்பை வாசலிலேயே விட்டு, கைகால் கழுவிக்கொண்டு குட்டியைத் தொடுகிறாரா? முந்தைய வீட்டு நாய்க்கு வாந்தியும் பேதியும் என்றால் அன்று வரவில்லை என்று சொல்லிவிடும் நேர்மை உள்ளவரா? பார்வோ தரையில் மட்டுமன்றிப் பயிற்சியாளரின் காலணியிலும் வரும்.

அடுத்தது, எதற்காகப் பயிற்சி என்பது. வழக்கமாக ஒரு பயிற்சியாளர் தரும் பட்டியலில் சிட், ஸ்டே, டவுன், ஹீல், ஷேக் ஹேண்ட் என்று இருக்கும். இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி மேல் தாவிச் சேலையைக் கிழிக்கிறது. கேட் திறந்தால் பைக்கைத் துரத்துகிறது. இரவு ஷிஃப்டுக்கு இருவரும் போய்விட்டால் விடிய விடியக் குரைக்கிறது. நகம் வெட்ட விடாது, காதைத் தொடவிடாது, டாக்டர் மேசையில் ஏற்றினால் கடிக்க வருகிறது. தீபாவளிக்குக் குளியலறைக்குள் ஒடுங்கி மூன்று நாள் உண்ணவில்லை. கை கொடுக்கத் தெரிந்த நாய்க்கு இவற்றுள் ஒன்றுக்கும் விடை தெரியாது. பட்டியலை நீட்டுபவரைவிட, 'வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர்கள், குட்டி எங்கே தூங்குகிறது' என்று முதலில் விசாரிப்பவர் மேலானவர்.

இனி முறை. உயிர் கற்பது எப்படி என்பது பற்றிச் சென்ற நூற்றாண்டு திரட்டிய அறிவைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஓசையும் உணவும் அடுத்தடுத்து வந்தால் ஓசைக்கே வாய் ஊறும் என்று ரஷ்யாவில் பாவ்லோவ் காட்டினார். இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்பதைத் தார்ண்டைக்கும், அவருக்குப் பின் ஸ்கின்னரும் நிறுவினர். நமக்கு இங்கே தேவையானது, விளைவு செயலை உடனே தொட்டு வர வேண்டும் என்னும் ஒன்றே. ஒரு நொடி தவறினாலும் குட்டி வேறொன்றைக் கற்றுவிடும்.

சிறுநீர் கழிக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். குட்டி கூடத்தில் சிறுநீர் இருந்துவிட்டது. அரை மணி கழித்துப் பார்த்தவர் அதன் பிடரியைப் பற்றி ஈரத்தில் மூக்கைத் தேய்க்கிறார். குட்டி காதை மடித்துக் குறுகுகிறது. 'தப்பு செய்தது தெரியுது பாருங்க, முழிக்கிறதை' என்கிறார். குட்டிக்குத் தெரிந்ததெல்லாம், ஈரமும் இவரும் ஒருங்கே இருந்தால் ஆபத்து என்பது மட்டுமே. அடுத்த முறை அது அவர் இல்லாத நேரம் பார்த்து, கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும். மாறாக, தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அதைத் தூக்கிப் பின்வாசல் மண்ணில் விட்டு, இருந்து முடித்த அந்தக் கணத்திலேயே உள்ளங்கையில் தயாராக வைத்திருந்த மிளகளவு இறைச்சித் துண்டைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் ஓடி வந்ததற்கான கூலியாக அது அமைந்துவிடும். இத்தனை நுட்பமான இந்தக் கணத்தை ஒருவர் உங்கள் கண்முன் செய்துகாட்டி, பிறகு உங்கள் கையாலும் செய்யவைத்தால், அவர் தொழில் தெரிந்தவர்.

அடித்தும் இழுத்தும் பழக்கும் முறை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. எதிர்ப்பதற்கு முன் புரிந்துகொள்ள அது உதவும். ஜெர்மானியக் காவல் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய பயிற்சி நூல் இந்த மரபின் தலைவாயில். வெகுமதியின் பயனை அவரும் அறிந்திருந்தார். ஆயினும் வற்புறுத்தலே அவர் முறையின் முதுகெலும்பு. உலகப் போர்களின் வழியே அது பல நாட்டுப் படைகளுக்கும் காவல்துறைகளுக்கும் பரவியது. நம் சென்னைக் காவல்துறையும் 1951-இல் தன் மோப்ப நாய்ப் பிரிவைத் தொடங்கியது. படையிலும் காவலிலும் நாய்களைக் கையாண்டு ஓய்வு பெற்றவர்கள் வீட்டு நாய்ப் பயிற்சிக்கு வருவது இயல்பாக நிகழ்கிறது. ஆவடியைச் சுற்றிப் படை முகாம்களும் காவல் குடியிருப்புகளும் நிறைந்த நம் பக்கத்தில் அது வியப்பில்லை. அவர்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடுவது அநீதி. இன்று வெடிபொருள் தேடும் நாய்க்குக் கிடைக்கும் கூலி பெரும்பாலும் ஒரு பந்தும் ஐந்து நிமிட விளையாட்டுமே. அந்தப் பிரிவில் இருந்தவர் நாயின் உடல்மொழியை நம்மைவிட நன்றாகப் படிப்பார். கேட்க வேண்டியது, அவர் எங்கே வேலை பார்த்தார் என்பதைவிட, எதைக் கொண்டு பழக்கினார் என்பதே.

இந்த மரபுக்குத் துணையாக வந்தது 'நீங்கதான் தலைவர்னு அதுக்குக் காட்டணும்' என்னும் உபதேசம். ருடால்ஃப் ஷென்கல் என்பவர் பாசெல் விலங்குக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியதில் இதன் வேர் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள் விட்டால் சண்டை வரத்தான் செய்யும். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல் இந்தத் தலைமைக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. பிறகு கனடாவில் இயல்பாக வாழும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்த அதே மெக், கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999-இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்தினார். குட்டியை மல்லாக்கப் புரட்டி மார்பில் முழங்கை வைத்து அழுத்தும் 'தலைமை' வித்தையை இன்னும் யாரேனும் உங்கள் கூடத்தில் செய்துகாட்டினால், அவர் படிப்பு அந்தத் திருத்தத்துக்கு முன்பே நின்றுவிட்டது என்று அறியலாம்.

வன்முறை பலனளிப்பதுபோலத் தோன்றுவதே அதன் பெருந்தீங்கு. சோக் செயினைச் சுண்டியதும் குரைப்பு நிற்கிறது. கொடுத்த காசுக்கு வேலை நடந்துவிட்டது என்று வீட்டார் மகிழ்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. போர்ச்சுகல் நாட்டில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020-இல் ஒரு குழு அறிக்கை வெளியிட்டது. தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது பதற்றக் குறிகள் மிகுந்திருந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு கூடியிருந்தது. மிகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்டவை, பயிற்சி இல்லாத வேளையிலும் நல்லதை எதிர்பார்க்கத் தயங்கின. வேல்ஸ் நாடு மின்னதிர்ச்சிப் பட்டையை 2010-லேயே தடை செய்துவிட்டது. இங்கே அது இணையக் கடைகளில் கிடைக்கிறது. பயிற்சியாளர் பையிலும் இருக்கலாம். பையைத் திறந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

உறுமலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாய் உறுமுவது எச்சரிக்கை. 'போதும், விலகு' என்று அது பேசுகிற மொழி. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும். அதன் அச்சம் அப்படியே இருக்கும். அடுத்த முறை அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். கடிபடுவது பெரும்பாலும் குழந்தை, ஏனென்றால் நாயின் முகத்தருகே முகம் கொண்டுபோகிறவர்கள் அவர்களே. 'எங்க நாய் உறுமவே உறுமாது' என்று ஒரு பயிற்சியாளர் பெருமையாகச் சொன்னால், எப்படி அந்த நிலைக்குக் கொண்டுவந்தீர்கள் என்று அவசியம் கேளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பின்புதான் ஆளைப் பார்க்கப் போக வேண்டும். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களிடம் விசாரிப்பது நல்ல தொடக்கம். எந்த நாய் தம் மேசையில் அமைதியாக நிற்கிறது, அந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார் என்று அவர்கள் அறிவார்கள். பெயர் கிடைத்ததும் உங்கள் குட்டியை அழைத்துப் போகாமல், அவர் வேறொரு நாயோடு வேலை செய்வதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறொருவரைப் பாருங்கள். அனுமதித்தால், போய் நின்று, பயிற்சியாளரின் பேச்சைக் கேட்காதீர்கள். நாயைப் பாருங்கள்.

அவர் வண்டி வந்து நிற்கும் ஓசைக்கு நாய் கேட்டை நோக்கி ஓடுகிறதா, அறைக்குள் போகிறதா? வால் தளர்ந்து அகலமாக ஆடுகிறதா, பின்னங்கால்களுக்கு இடையே செருகியிருக்கிறதா? தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு இல்லாமலே உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்பது, உடல் முழுதும் இறுகிச் சிலைபோல நிற்பது, இவை அனைத்தும் நெருக்கடியின் குறிகள். இவற்றில் ஒன்று எப்போதாவது தென்பட்டால் பொருட்டில்லை. வரிசையாக வந்தும் பயிற்சியாளர் நிறுத்தாமல் தொடர்கிறார் என்றால், நாய் பேசுவது அவர் காதில் விழவில்லை. நல்லவர் அந்தக் கணத்தில் இரண்டு அடி பின்வாங்குவார், பாடத்தை எளிதாக்குவார், அல்லது இன்றைக்கு இது போதும் என்பார். 'கீழ்ப்படிகிற' நாயையும் நிம்மதியாக இருக்கிற நாயையும் பிரித்தறிய இதைவிட நம்பத்தக்க வழி எனக்குத் தெரியவில்லை.

பின்பு பேச்சு. குட்டி சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தவறினால் என்ன செய்வீர்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவதற்குத் தெளிவான விடை வர வேண்டும். 'கரெக்ஷன் கொடுப்போம்' என்றால், எதனால், எவ்வளவு என்று கேட்டு, அதை உங்கள் கையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். 'பதினைந்து நாள் எங்கள் இடத்தில் விடுங்கள், ரெடி பண்ணித் தருகிறோம்' என்பது குட்டிக்குப் பொருந்தாது. பழக வேண்டிய வாரங்களை அது வேறொருவர் கூண்டில் கழிக்கும். கற்று வந்ததும் அந்த இடத்துக்கும் அந்த மனிதருக்குமே உரியதாக நிற்கும். முழு உத்தரவாதம் தருபவரிடமும் எச்சரிக்கை தேவை. உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு எவரும் உத்தரவாதம் தர இயலாது. ஓராண்டுக்கு முன் அவரிடம் பழகிய நாய் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நேற்றுப் பழகிய நாய் பயிற்சியாளருக்கு அடங்கும். ஓராண்டுக்குப் பின்னும் அந்த வீட்டாருக்கு இசைந்து நடக்கிற நாயே அவர் வேலையின் தரத்தைக் காட்டும்.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளிலேயே வாரை உங்கள் கையில் கொடுத்துவிடுவார். அவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வருகிறார். மீதி நேரமெல்லாம் குட்டி உங்களோடு இருக்கிறது. ஆகவே அவர் கற்பிக்க வேண்டியது உங்களுக்குத்தான்: பாட்டிக்கு, பள்ளி செல்லும் பிள்ளைக்கு, வேலைக்கு வரும் அம்மாவுக்கு. மகன் 'சிட்' என்கிறான், அம்மா 'ஒக்காரு' என்கிறார், தாத்தா 'ஏய், சும்மா இரு' என்கிறார். நாய்க்கு மூன்றும் மூன்று ஓசைகள். தமிழோ ஆங்கிலமோ அதற்கு ஒன்றே. வீடு முழுவதும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதுதான் தேவை. எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, சொற்களை ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறவர் தம் தொழிலை அறிந்தவர்.

நாட்டு நாய்களைப் பற்றி ஒரு சொல். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றையும் தெருவில் எடுத்து வளர்க்கும் குட்டியையும் பார்த்து 'இதுக்கெல்லாம் டிரெய்னிங் ஏறாது' என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையில்லை. சிப்பிப்பாறை ஓடும் முயலைக் கண்ணால் பற்றி விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. ஓடும் ஆட்டுக்குட்டியைக் கண்டால் அதன் உடலே முடிவெடுத்துவிடும். கூப்பிட்டால் திரும்பி வருவதை அதற்கு முதலில், மிகப் பொறுமையாக, வேலிக்குள் பழக்க வேண்டும். லாப்ரடாருக்குப் போதுமான பிஸ்கட் துண்டு இதற்குப் போதாமல் போகலாம். இழுத்து விளையாடும் துணிக்கயிறு கூடுதலாக வேலை செய்யலாம். நாய்க்கு ஏற்ப முறையை மாற்றத் தெரியாதவர்தான் குறையை நாயின் மேல் போடுகிறார்.

பயிற்சியின் நடுவே அவர் குட்டியை அடித்தால் என்ன செய்வது? அங்கேயே நிறுத்துங்கள், நாகரிகம் கருதி அந்த மணி முடியும் வரை காத்திருக்க வேண்டாம். விலங்கை அடிப்பதும் உதைப்பதும் தேவையற்ற வலி தருவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகையால் எவரும் திருந்தப்போவதில்லை. குட்டிக்குக் காவல் நீங்கள் மட்டுமே. ஒருவேளை குட்டியின் அச்சமோ கடியோ பயிற்சியால் தீராத அளவு முற்றியிருந்தால், அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. காதுவலியும் மூட்டுவலியும் கூடக் கடியாக வெளிப்படும். சென்ட்ரலுக்கு ரயில் ஏறினால், 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பக்கத்தில்தான்.

இன்னொன்றையும் நல்லவர் முதல் மாதத்திலேயே சொல்லிவைப்பார். ஐந்தாம் மாதத்தில் சொன்னதையெல்லாம் கேட்ட குட்டி எட்டாம் மாதத்தில் கேளாததுபோல நிற்கும். பிரிட்டனில் லூசி ஆஷர் தலைமையில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது: அந்த வயதில் நாய் தன்னை வளர்ப்பவர் சொல்வதைக் குறைவாகவும், அறியாதவர் சொல்வதைக் கூடுதலாகவும் கேட்கிறது. அது விடலைப் பருவம், தானாகக் கடந்துபோகும். முன்பே அறியாத வீட்டார் அப்போதுதான் 'பயிற்சி வீணாகிவிட்டது' என்று முடிவு கட்டி, கடுமையான ஆளைத் தேடிப் போகிறார்கள். ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே பணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இப்போதைக்குச் சில வாரங்கள், எட்டாம் மாதத்தில் மீண்டும் சில வாரங்கள். இதற்கு அவர் தயங்காமல் இசைந்தால் அட்வான்ஸைக் கொடுத்துவிடலாம்.